ராஜம்மா இடது, கோமளம் வலது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
6 மார்ச் 2023

அடி அமிர்தம்,

நேற்று போனில் சிங்கப்பூர் என்றதும் "ஓ" என்றாய். ஐனியும் வருகிறாள் என்றதும் "சரி" என்றாய். அப்புறம் வைத்தவள்தான், இன்னும் எடுக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்பினால் உன் போன் அதை அந்தச் செத்த குரலில் படிக்கும். நான் கொஞ்சுகிறேனா திட்டுகிறேனா என்றே உனக்குத் தெரியாது. அதனால் பழைய தகட்டையும் ஊசியையும் தேடியெடுத்து உனக்காகப் புள்ளி குத்திக்கொண்டிருக்கிறேன். விடுதியில் நீ சொல்லிக்கொடுத்த பிரெயில் மறக்கவில்லை. விரல்தான் மறந்துவிட்டது, வலிக்கிறது.

ஜூன் பள்ளி விடுமுறையில் விடுதிப் பழைய ஆட்கள் சேர்ந்து நான்கு நாள் சிங்கப்பூர். பஸ் வேண்டாம், சாய்தளம் வைத்த வேன் எடுக்கிறேன். பஸ் என்றால் எல்லையில் எல்லாரையும் இறக்கி ஏற்றுவார்கள், என்னை யார் தூக்குவது? வேனில் உட்கார்ந்தபடியே பாஸ்போர்ட்டை நீட்டலாம். இங்கே கே.எல்.லில் கிளம்பி, வழியில் குளுவாங்கில் உன்னை ஏற்றிக்கொண்டு, நேரே ஜொகூர் பாலம், தாண்டினால் சிங்கப்பூர்.

ஓட்டல்காரனோடு போனில் சண்டை போட்டு மாளவில்லை. எனக்குக் குளியலறையில் கைப்பிடி வேண்டும், படி கூடாது. காது கேளாத ஹோக் செங்குக்குக் கதவைத் தட்டினால் உள்ளே விளக்கு எரிய வேண்டும். உனக்கு மாடி எண்ணைச் சத்தமாகச் சொல்கிற லிஃப்ட் வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொல்கிறான்: "எல்லா வசதியும் உள்ள ஸ்பெஷல் ரூம் ஒண்ணு இருக்கு மேடம், எல்லாரும் அதிலேயே தங்கிக்கலாம்." ஹோக் செங்கோடு ஒரே கட்டிலில் படுக்கிறாயாடி?

முக்கியமான சேதி. எனக்கு மோட்டார் நாற்காலி வந்துவிட்டது. கைக்கு அடியில் ஒரு சின்னக் குச்சி, அதைத் தள்ளினால் தானே ஓடுகிறது. அதனால் சிங்கப்பூரில் நீ என்னைத் தள்ள வேண்டியதில்லை. நீ ஐனியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஜாலியாக நட. என்னோடு வேலை செய்கிற பெண், நல்ல கண், நல்ல மனசு, வாய் ஓயாது. உனக்குப் பிடிக்கும்.

சம்மதம் என்று ஒரு வரி எழுது.

உன் லேகா

*

குளுவாங்
15 மார்ச் 2023

லேகாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் மோட்டாருக்கு என் வணக்கத்தைச் சொல்.

நான் ஜாலியாக நடக்க வேண்டுமாம். நான் எப்போதடி ஜாலியாக இல்லாமல் நடந்தேன்? ஒன்பது வயதிலிருந்து உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் நான். எனக்கு வெள்ளைக்கோல் எதற்கு, உன் நாற்காலிதான் கோல் என்று மிஸ் கோமளத்திடமே வாதாடி அடி வாங்கினேன். விடுதி வாசலில் நின்றால் இடது பக்கம் சமையற்கட்டு, அங்கே ராஜம்மா. வலது பக்கம் வார்டன் அறை, அங்கே கோமளம். அதை வைத்துத்தானே நீ "ராஜம்மா!" என்று கத்தினால் நான் இடது பக்கம் தள்ளுவேன், "கோமளம்!" என்றால் வலது பக்கம். குளுவாங் பங்குனி உத்திரத் திருவிழாக் கூட்டத்தில் நாம் போனபோது ஜனங்கள் அலறினதை மறந்துவிட்டாயா? "ஐயோ, கண்ணு தெரியாத புள்ள வண்டிய தள்ளிட்டு வருது, ஓடு ஓடு!" நீ சாமி வந்தவள் மாதிரி ராஜம்மா, ராஜம்மா என்று கத்துகிறாய். தேருக்குக்கூட அவ்வளவு வழி விடவில்லை.

இப்போது எவளோ ஒருத்தியின் முழங்கையில் என்னைத் தொங்கவிடுகிறாய். உனக்குக் கை கிடைத்துவிட்டது, எனக்கு முழங்கை. நல்ல பங்கு.

திட்டத்தில் ராட்சத ராட்டினம் இருக்கிறதாம், போனில் சொன்னாயே. அதில் ஏறி நான் எதைப் பார்ப்பது? ஐனி பார்த்துச் சொல்வாளா?

இங்கே ஒன்றும் குறைவில்லை. ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் போன் எடுக்கிறேன். மாலையில் உடற்குறையுள்ளோர் சங்கத்து நிலையத்துக்குப் போகிறேன். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், செல்வநாயகி. இருபத்தாறு வயது, போன வருஷம் லாரி மோதினது. தள்ள ஆளில்லாமல் வாசலில் நின்றாள். நான் தள்ளினேன். நல்ல நாற்காலி. கைக்குப் பழகினது மாதிரி ஓடுகிறது.

அமிர்தவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
23 மார்ச் 2023

அமிர்தவல்லி அம்மையாருக்கு,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். புள்ளி குத்திய வேகத்தில் பேப்பர் மூன்று இடத்தில் கிழிந்திருக்கிறது. நான் கண்ணால்தான் படிக்கிறேன் என்றாலும் கோபம் விரலிலும் தட்டுப்பட்டது.

யோசித்துப் பாரடி. ஒன்றரை வருஷமாக இந்த ஊரில் நான் தனியாக இருக்கிறேன். காலையில் வேலைக்குப் போக, ஒரு போத்தல் தண்ணீர் வாங்க, எவனாவது வருவானா என்று லிஃப்ட் வாசலில் காத்துக் கிடந்தேன். வருகிறவன் தள்ளிவிட்டு, "பாவம்" என்று தலையைத் தடவிவிட்டுப் போவான். நாற்பத்து மூன்று வயசு எனக்கு! மோட்டார் வந்த அன்று ரோட்டோரம் போய், யாரையும் கேட்காமல் திரும்பி வந்தேன். சும்மா திரும்பினேன், அவ்வளவுதான். அழுதுவிட்டேன். அதற்கு நீ வணக்கம் சொல்கிறாய்.

அதைத் தள்ளவும் முடியாது, ஆள் கனத்தைப்போல ஒன்றரை மடங்கு கனம். இதில் உனக்கு என்ன துரோகம்?

ராட்டினத்தை எதற்குப் போட்டேன் என்று கேட்டாய். பதினோரு வயதில் விடுதி மொட்டைமாடியில் நீ சொன்னாய்: "உலகத்திலேயே உசரமான எடத்துல ஏறி அங்கருந்து துப்பணும் லேகா. கீழ விழ எவ்வளவு நேரம் ஆவுதுன்னு கேக்கணும்." அதற்காகப் போட்டேன். விசாரித்துவிட்டேன், கண்ணாடிக் கூண்டாம், ஜன்னல் திறக்காதாம். துப்பினால் அந்த ஊரில் பிடித்துக்கொள்வார்களாம். இருந்தாலும் போட்டேன்.

அது சரி, யார் அந்தச் செல்வநாயகி? வாசலில் நின்றால் உடனே தள்ளிவிடுவதா? நிலையத்தில் வேறு கையே இல்லையா? இருபத்தாறு வயசாம், நாற்காலி கைக்குப் பழகினது மாதிரி ஓடுகிறதாம். நன்றாக ஓடட்டும்.

ஐனி இன்று முதல் நோன்பு. பெருநாள் முடிந்ததும் நாங்கள் இருவரும் முன்னாடியே சிங்கப்பூர் போய் ஓட்டலையும் ரோட்டையும் பார்த்துவிட்டு வருகிறோம். அதற்குள் சொல், வருகிறாயா இல்லையா?

லேகா

*

குளுவாங்
31 மார்ச் 2023

லேகாவுக்கு,

வரவில்லை.

"நாங்கள் இருவரும்" என்று எழுதினாயே, அந்த இரண்டு சொல்லையும் தடவித் தடவிப் பார்த்தேன். முன்பெல்லாம் அதில் இன்னொருத்தி நான்தான்.

என் இடத்தைச் செல்வநாயகிக்குக் கொடு. அவள் எங்கேயும் போனதில்லை. ராஜம்மா, கோமளம் எல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். குரலும் உன்னைவிடக் கணீர் என்று இருக்கிறது.

உனக்கு மோட்டார் சத்தம் போதும்.

அமிர்தவல்லி

*

சிங்கப்பூர்
1 மே 2023

அமிர்தம்,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாக நான் பதில் போடவில்லை. நான்கு தடவை எழுதினேன், நான்கையும் கிழித்தேன். இப்போது ஓட்டல் அறையில் இருக்கிறேன். ஐனி கீழே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் "என்ன எழுதுறீங்க, என்ன எழுதுறீங்க" என்று உயிரை எடுப்பாள்.

முதலில் வேலைக் கணக்கு. ரோடெல்லாம் வழுவழுவென்று இருக்கிறது. ரயில் நிலையத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நாம் போக வேண்டிய வாசலுக்கு நேர் எதிர்க்கோடியில் இருக்கிறது. ஹோக் செங்குக்கு மின்னுகிற விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்த அறையில் கைப்பிடி எல்லாம் இருக்கிறது, குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குப் படியும் இருக்கிறது. மேனேஜர் சொல்கிறான்: "ஒரே ஒரு படிதானே மேடம்." ஒரே ஒரு படி! அவன் வீட்டு வாசலில் ஒரே ஒரு யானையை நிறுத்தினால் தெரியும். கத்தின கத்தலில் வேறு அறை கொடுத்தான்.

இனி வேறு விஷயம்.

நேற்று மதியம் ஒரு சாப்பாட்டுக் கடை. பரிமாறுகிற பையன் வந்தான். என்னைப் பார்த்தான், ஐனியைப் பார்த்தான். ஐனியிடம் கேட்டான்: "இவங்க என்ன சாப்பிடுவாங்க?" ஐனி உடனே சொல்கிறாள்: "காரம் இல்லாம சோறும் கோழியும் குடுங்க. அவங்களுக்குக் காரம் ஆவாது." எனக்குக் காரம் ஆகாதாம்! குளுவாங்கில் பச்சைமிளகாயைக் கடித்துக்கொண்டு நாசி லெமாக் சோறு தின்றவள் நான். வந்ததைத் தின்றேன். அவள் நல்லவள்தான், அமிர்தம். கெட்டவளாக இருந்தால் திட்டியிருப்பேன்.

நாம் இருவரும் கடைக்குப் போனால் என்ன நடக்கும்? வருகிறவன் என் காலைப் பார்ப்பான், உன் கண்ணைப் பார்ப்பான், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் முழிப்பான். கடைசியில் வேறு வழியில்லாமல் நம்மையே கேட்பான். அந்தச் சுகம் எனக்கு நேற்றுதான் தெரிந்தது.

இன்னொன்று. இன்று காலை ஆற்றோரமாகப் போனேன். திருப்பம் வந்தது. குச்சி என் கையில், தள்ளினால் தானே திரும்பும். ஆனால் வாய் கத்திவிட்டது: "ராஜம்மா!" பின்னால் ஒருவரும் இல்லை. ஐனி ஓடி வந்து, "யாரு ராஜம்மா? தெரிஞ்சவங்களா? எங்க?" என்று கூட்டத்தில் தேடுகிறாள். நான் என்ன சொல்வது? எங்கள் சமையற்காரி, செத்துப் பல வருஷம் ஆச்சு என்றா?

அந்த நேரத்தில்தான் உன் கடிதம் ஞாபகம் வந்தது. அங்கே குளுவாங்கில் அந்தச் செல்வநாயகி கணீர் என்று ராஜம்மா என்கிறாள், நீ இடது பக்கம் திரும்புகிறாய். பொறாமைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வயிறு எரிகிறது. உனக்கு வேறு யாரையும் தள்ளத் தோன்றினால் தள்ளு, நான் யார் கேட்க? ஆனால் அந்த இரண்டு பேரையும் ஏனடி கொடுத்தாய்? வேறு பேர் கிடைக்கவில்லையா? மாரியம்மா என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. வா என்றும் எழுதவில்லை.

லேகா

*

குளுவாங்
9 மே 2023

அடி லேகா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அந்தப் பையன் சோறும் கோழியும் கொண்டுவந்து வைத்தபோது உன் மூஞ்சி எப்படி இருந்திருக்கும்! எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று முதல் தடவையாக வருத்தப்பட்டேன்.

அப்புறம் அந்த ஆற்றோரம் வந்தது. அதைத் தடவிவிட்டு விரலை எடுத்துவிட்டேன். மறுபடி வைக்க நேரமானது.

கேள். செல்வநாயகிக்கு நான் ராஜம்மாவையும் கொடுக்கவில்லை, கோமளத்தையும் கொடுக்கவில்லை. சும்மா எழுதினேன். உனக்கு எரிய வேண்டும் என்றே எழுதினேன். அவள் "அக்கா, லெப்டு... இல்ல இல்ல, ரைட்டு லா!" என்பாள். போன வாரம் இரண்டு பேரும் சாக்கடை ஓரம் வரைக்கும் போய்விட்டோம். "அக்கா, என் மேல கோவமா இருந்தா வாயால சொல்லுங்க, தள்ளிவிட்டுக் கொன்னுடாதீங்க" என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

உன்மேல்தான்.

பிப்ரவரியில் அவள் நிலையத்துக்கு வந்த அன்றைக்கு, வாசலில் யாரோ நிற்கிறார்கள், தள்ளிவிடு என்றார்கள். கையை வைத்தேன். இடது கைப்பிடியில் சைக்கிள் டியூப். சுற்றி, நுனியில் முடிச்சு. அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினவள் நான். ரப்பர் தேய்ந்து கட்டைவிரலுக்குப் பள்ளம் விழுந்திருக்கிறதே, அது என் கட்டைவிரல்.

அது உன் நாற்காலி.

ஒரு வார்த்தை சொன்னாயா? கே.எல்.லில் யாரோ ஒரு சங்கத்துக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாய். அவர்கள் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு மோட்டார் வந்த சேதி, மார்ச்சில் நீ எழுதுவதற்கு முன்னாலேயே என் கைக்கு வந்துவிட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். அன்றைக்குப் போனில் நீ சிங்கப்பூர் என்றாய், ஐனி என்றாய். நாற்காலியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதனால்தான் வைத்தேன்.

நான் செல்வநாயகியைத் தள்ளவில்லையடி. உன் நாற்காலியைத் தள்ளினேன். அதில் யார் உட்கார்ந்திருந்தாலும் தள்ளியிருப்பேன், அரிசி மூட்டையை வைத்தாலும் தள்ளியிருப்பேன். மாலை ஆனதும் அதைப் பிடிக்கத்தான் நிலையத்துக்குப் போகிறேன். இதை எவளிடமாவது சொன்னாயோ, அப்புறம் உன் முகத்தில் முழிக்க மாட்டேன். முழித்தும் பிரயோஜனமில்லை என்று சொல்லாதே.

மோட்டாரை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நீ தானாகத் திரும்பினதற்கு அழுதாய் என்று எழுதினாயே, அதை இரண்டு தடவை படித்தேன். உனக்கு அது வேண்டும். எனக்கு அதைப் பிடிக்காது. இரண்டும் உண்மை.

அமிர்தம்

*

பிரிக்பீல்ட்ஸ்
17 மே 2023

அமிர்தம்,

நாற்காலியைக் கொடுத்தது ஏன் என்று கேள். புதியது வந்த பிறகு பழையதை மடித்துக் கட்டிலுக்கு எதிரே சாத்தி வைத்திருந்தேன். விடிந்தால் அந்த இரண்டு கைப்பிடியும்தான் முதலில் கண்ணில் படும். அதைப் பிடிக்க இந்த ஊரில் ஆளில்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது, உன்மேல். என்னோடு கே.எல்.லுக்கு வாடி என்று எத்தனை தடவை கூப்பிட்டேன், வந்தாயா? ஆஸ்பத்திரி வேலையை விட மாட்டேன் என்றாய். அந்தக் கோபத்தில்தான் தூக்கிக் கொடுத்தேன். கொடுத்த மறுநாள் திரும்பக் கேட்டேன். வேன் போய்விட்டது என்றார்கள். உன்னிடம் எந்த வாயால் சொல்வது?

அது உன் கைக்கே போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. நேற்று வேலையில் பாதி நேரம் அதே ஞாபகம். ஒரு வாடிக்கையாளரிடம் "சொல்லுங்க அமிர்தம்" என்றுவிட்டேன்.

சரி, இப்போது திட்டம். குறுக்கே பேசாமல் கேள்.

செல்வநாயகியும் சிங்கப்பூர் வருகிறாள். உன் இடத்தில் இல்லை. வேனில் இன்னொரு நாற்காலிக்கு இடம் பண்ணிவிட்டேன், ஹோக் செங் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வான். அவனுக்குச் சைகையில் சொன்னேன்; அவன், இரண்டு பெட்டிகூட வைத்துக்கொள்கிறேன், அமிர்தத்தின் சண்டை முடிந்தால் போதும் என்று சைகை காட்டுகிறான். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

எல்லை தாண்டியதும் செல்வநாயகி என் மோட்டாரில் ஏறிக்கொள்ளட்டும். அந்தப் பெண் ஒரு வருஷமாகப் பிறர் கையை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறாள், ஒரு தடவை தானாகத் திரும்பிப் பார்க்கட்டும். ஐனி அவளோடு போவாள். ஐனியிடம் பேசிவிட்டேன். "காரம் சாப்பிடுறவங்களா, இல்லையான்னு முதல்ல அவங்களையே கேளு" என்றேன். முகம் சிவந்துவிட்டது. "ஸாரி அக்கா, நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள். அதுவும் நியாயம்தான். இன்று காலை எனக்கென்று அவள் வாங்கிவந்த மிளகாய்ச் சம்பலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் பழைய நாற்காலியில் உட்காருகிறேன். ஆற்றோரம், சாப்பாட்டுக் கடை, ராட்டினம், எல்லா இடத்துக்கும். நான்கு நாளைக்குத்தான். திரும்பி வந்ததும் மோட்டார் எனக்கு, நாற்காலி அவளுக்கு. அதில் மாற்றம் கிடையாது, சொல்லிவிட்டேன்.

தள்ளுவதற்கு ஆள் தேவை. கண் தெரிந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.

உன் லேகா

*

குளுவாங்
24 மே 2023

லேகா,

செல்வநாயகியிடம் சொன்னேன். "மோட்டார் வண்டியா? எனக்கா? அக்கா, திருப்பிக் குடுக்கணுமா?" என்கிறாள். இப்போதே சொல்லிவைக்கிறேன், உன் மோட்டாரை நான்காவது நாள் அவள் கையிலிருந்து பிடுங்குவது உன் பொறுப்பு.

என் நிபந்தனைகளையும் கேட்டுக்கொள். ஐனியின் முழங்கையை நான் கழிவறைக்குப் போக மட்டும் பிடிப்பேன். அப்போதும் அவள் வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். கடையில் எவன் வந்தாலும் முதலில் முழிக்க விடு, அவசரப்பட்டு நீ வாயைத் திறக்காதே, அந்த நேரம் எனக்கு வேண்டும். ராட்டினத்தில் உச்சிக்குப் போனதும் என்னிடம் சொல். துப்ப மாட்டேன், பயப்படாதே. உச்சியில் நிற்கிறோம் என்று யாராவது சொல்ல வேண்டும், அது நீயாக இருக்க வேண்டும்.

நாற்காலிக்குக் காற்று அடித்துவிட்டேன். கைப்பிடி ரப்பர் மிகவும் தேய்ந்துவிட்டது, புதிது சுற்றித் தருகிறேன் என்று நிலையத்துப் பையன் வந்தான். கையைத் தட்டிவிட்டேன்.

ஜூன் மூன்றாம் தேதி காலையில் பசியாறிவிட்டு நிலையத்து வாசலில் நிற்பேன். வேனை எந்தப் பக்கம் நிறுத்துவீர்களோ எனக்குத் தெரியாது. டிரைவரை ஹாரன் அடிக்க விடாதே. ஐனியை இறங்கி வந்து என் கையைப் பிடிக்கவும் விடாதே. நீ கதவைத் திற, திறந்து ஒரே ஒரு தடவை கூப்பிடு. ராஜம்மா என்றால் இடது பக்கம் வருகிறேன், கோமளம் என்றால் வலது பக்கம்.

அமிர்தம்